ஷட் டவுன் கொடுத்தும் கம்ப்யூட்டர் அணையவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"தம்பி, சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது. அணையத்தான் மாட்டேங்கு. சுத்திக்கிட்டே கெடக்கு. கடைசி பஸ் போயிரும்னு மெயின அமத்திட்டு வந்துட்டேன்."

திருநெல்வேலியில் டவுன், பாளை, மேலப்பாளையம் என்று எங்கே கடை போட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்த்தாலும் இந்தப் புகார் வராமல் இருக்காது. மெதுவாக அணைவது தொல்லைதான், ஆனால் ஆபத்து அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் பத்து நாள் ஒன்றும் ஆகாது. பதினோராவது நாள் பில்லிங் டேட்டா திறக்காது.

ஷட் டவுன் என்பது ஒரே அடியில் முடிகிற வேலை இல்லை. முதலில் திறந்திருக்கும் புரோகிராம்களை மூடச் சொல்கிறது. அப்புறம் நீங்கள் சைன் அவுட் ஆகிறீர்கள். அதற்குப் பின் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. பிறகு டிரைவர்கள் (கருவிகளை இயக்கும் சிறு புரோகிராம்கள்), டிஸ்க்கில் எழுத மீதமிருப்பது, கடைசியாகக் கரண்ட். ஆனித் தேரோட்டத்தில் தேர் நகரவில்லை என்றால், அது வாகையடி முக்கில் நிற்கிறதா, சன்னதிக்கு எதிரே நிற்கிறதா என்று தெரிந்தால்தானே தடி போட ஆளை அனுப்ப முடியும்? இங்கேயும் அப்படித்தான். கம்ப்யூட்டர் சோம்பேறித்தனத்தால் நிற்கவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நின்ற நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லினக்ஸ்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்

மெதுவாக என்றால் எவ்வளவு? எஸ்எஸ்டி போட்ட மெஷின் இருபது வினாடிக்குள் அணைந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் மெஷினுக்கு ஒரு நிமிடம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போனால், அதுவும் தினமும் போனால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு. அப்டேட் ஓடுகிறது, அணைக்காதீர்கள் என்று திரையில் எழுதியிருந்தால் அது கோளாறே இல்லை. அரை மணி ஆனாலும் விட்டுவிடுங்கள். கடையை அடைக்கிற நேரத்தில் இது வருவது எரிச்சலாக இருந்தால், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்களே அப்டேட்டை ஓடவிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒருமுறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை அணைந்து கம்பெனி லோகோ வரும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் ரீஸ்டார்ட்டும் ஷட் டவுனும் உள்ளே ஒன்றல்ல. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது செயலில் இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. உங்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, தன் உள் நிலையை அப்படியே ஹைபர்நேஷன் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போகிறது. மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்கத்தான் இந்த வேலை. ரீஸ்டார்ட்டில் இந்த எழுத்து வேலை கிடையாது, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே ரீஸ்டார்ட் சட்டென்று நடந்து, ஷட் டவுன் மட்டும் இழுத்தால், சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேலும் டிரைவர் மேலும் போகிறது. இரண்டுமே இழுத்தால் ஏதோ ஒரு புரோகிராமோ சர்வீஸோ பிடித்து வைத்திருக்கிறது. உறுதிப்படுத்த வேண்டுமானால், ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு முறை மட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் தாண்டி முழுதாக அணையும்.

"இந்தப் புரோகிராம் தடுக்கிறது" என்று பெயர் போட்டுத் திரை நிற்கிறது

இருப்பதிலேயே எளிய கேஸ் இதுதான், திருடனே பெயர் சொல்லிவிடுகிறான். ஆனால் நம் ஆட்கள் பெயரைப் படிப்பதில்லை, கீழே இருக்கும் 'ஷட் டவுன் எனிவே' பட்டனைத்தான் பார்க்கிறார்கள். அதை அழுத்தினால் சேமிக்காமல் கிடக்கும் வேலை போய்விடும். கேன்சல் கொடுத்துத் திரும்பிப் போய், அந்தப் பெயருள்ள புரோகிராமை அதன் வழியிலேயே மூடுங்கள். பெரும்பாலும் அடியில் மறைந்திருக்கும் ஒரு 'சேவ் செய்யவா?' கேள்விதான் காரணமாக இருக்கும்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை மாதிரி இரண்டு மூன்று கவுன்டர் உள்ள இடங்களில் வேறொரு காரணம் உண்டு. டேட்டா இருப்பது முதலாளி மேசையில் உள்ள மெஷினில். மற்ற கவுன்டர்கள் நெட்வொர்க் வழியாக அதைத் திறந்து வைத்திருக்கும். அண்ணாச்சி முதலில் தன் மெஷினை அணைத்துவிட்டு எழுந்தால், கவுன்டர்கள் பிடித்திருக்கும் ஃபைல்களை விட முடியாமல் அது திணறும். கவுன்டர்களில் பில்லிங்கை மூடிய பிறகு, டேட்டா உள்ள மெஷினைக் கடைசியாக அணையுங்கள். இதற்கு எந்த செட்டிங்கும் மாற்ற வேண்டாம், யார் கடைசியில் எழுந்திருப்பது என்பதை மாற்றினால் போதும்.

சிலருக்கு 'டாஸ்க் ஹோஸ்ட் விண்டோ' என்ற பெயர் வரும். அப்படி ஒரு புரோகிராமை நீங்கள் திறந்திருக்கவே மாட்டீர்கள். பின்னணியில் ஓடிய ஏதோ ஒரு சிறுவேலை முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். நிலுவையில் அப்டேட் இருந்தால் முடித்துவிடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், அணைக்கும்போது திறந்திருந்த ஆப்களை நினைவில் வைத்து மறுபடி திறக்கும் வசதியையும், அப்டேட் முடிந்ததும் உங்கள் சைன்-இன் விவரத்தைக் கொண்டு தானாக அமைப்பை முடிக்கும் வசதியையும் அணைத்துப் பாருங்கள். பல மெஷின்களில் இதோடு சரியாகிவிடும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

திரையில் 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்து, மேலே சுற்றும் புள்ளிகள், பெயர் எதுவும் இல்லை. புரோகிராம்கள் மூடிவிட்டன, ஏதோ ஒரு சர்வீஸ் நிற்க மறுக்கிறது. அதிகமாக வருவதும், வேலை வாங்குவதும் இந்த வகைதான்.

ஊகிப்பதற்கு முன் விண்டோஸையே கேட்கலாம். தான் அணைய எவ்வளவு நேரம் ஆனது, யாரால் தாமதம் என்று அது குறித்து வைத்திருக்கும், நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஷிப்ட் பிடித்து முழுதாக அணைத்து, மறுபடி ஆன் செய்து சில நிமிடம் கழித்து, அந்தக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். இடப்பக்கம் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று இறங்குங்கள். அங்கே ஈவென்ட் எண் 200 என்றால் மொத்தம் அணைய ஆன நேரம். 201 என்றால் தாமதத்துக்கு ஒரு புரோகிராம் காரணம், 202 என்றால் ஒரு டிவைஸ், 203 என்றால் ஒரு சர்வீஸ். நேரம் மில்லி செகண்டில் இருக்கும், 45000 என்றால் 45 வினாடி. 203-ல் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் ஆள் அவன்தான்.

அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் இன்னொரு வழி. சுற்றும் வட்டத்துக்குக் கீழே இப்போது எந்த சர்வீஸை நிறுத்துகிறேன் என்று விண்டோஸை வாய் திறந்து சொல்ல வைக்கலாம். விண்டோஸ் புரோ என்றால் குரூப் பாலிசியில் (விண்டோஸின் உள் விதிகளை மாற்றும் இடம்) கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் போய் மிக விரிவான ஸ்டேட்டஸ் செய்திகளைக் காட்டச் சொல்லும் வரியை எனேபிள் செய்யுங்கள். அடுத்த முறை அணைக்கும்போது திரையைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் நின்றது என்று பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனாலும் அந்த வீடியோ அவருக்குப் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது பிரிண்டர்தான். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் அடிக்கும் டிடிபி கடைகளில் பெரிய பெரிய ஃபைல்களைப் பிரிண்ட் கொடுப்பார்கள். பேப்பர் சிக்கும், பிரிண்டரை ஆஃப் செய்துவிடுவார்கள், அந்த வேலை வரிசையிலேயே கிடக்கும். பிரிண்டர் இல்லாத நேரத்தில் அதை அனுப்ப முயன்றுகொண்டே இருக்கும் ஸ்பூலர் (பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் சர்வீஸ்), அணைக்கும்போதும் விடாது. சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும். விற்றுவிட்ட பழைய பிரிண்டர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடலாம்.

அடுத்தது ஆன்ட்டிவைரஸ். லேப்டாப் வாங்கும்போது கூடவே வந்து காலாவதியான ஒன்று, பிறகு கடைக்காரர் போட்டுவிட்ட இன்னொன்று. இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் சோதிக்கக் கிளம்பினால் அணைவது மட்டுமல்ல, எல்லாமே இழுக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். வேறெதுவும் இல்லையென்றால் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் தானாகவே பொறுப்பெடுத்துக்கொள்ளும். சாதாரணக் கடைக்கும் வீட்டுக்கும் அது போதும் என்பது என் கருத்து.

இ-சேவை மையம் வைத்திருப்பவர்கள் கைரேகைக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற புரோகிராம் பழைய பதிப்பிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். கருவியை மாற்றும்போது பழைய கருவியின் சர்வீஸை யாரும் நீக்குவதில்லை. இல்லாத கருவியைத் தேடிக்கொண்டு அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் பாதி பாதியாகப் பிரித்துத் தேட வேண்டியதுதான். விண்டோஸோடு வரும் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து சர்வீசஸ் பக்கத்தில் முதலில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் போடுங்கள். அதை மறந்தால் விண்டோஸுக்கு வேண்டியதையும் நிறுத்திவிடுவீர்கள். மிச்சம் இருப்பதில் பாதியை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, அணைத்துப் பாருங்கள். சரியானால் நிறுத்திய பாதியில்தான் குற்றவாளி, இல்லையென்றால் மற்ற பாதியில். 16 சர்வீஸ் இருந்தாலும் நாலாவது சுற்றில் ஒன்று மட்டும் மிஞ்சும். பில்லிங் டேட்டாபேஸும் இந்தப் பட்டியலில் இருக்கும் என்பதால் கடை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். முடிந்ததும் மற்ற டிக்குகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இப்போது, வீடியோக்களில் வரும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் இடம்) விஷயம். சர்வீஸ்கள் நிற்க விண்டோஸ் கொடுக்கும் பொறுமை நேரம் 'வெயிட் டூ கில் சர்வீஸ் டைம்அவுட்' என்ற மதிப்பில் இருக்கிறது. இன்றைய விண்டோஸில் அது 5000, அதாவது 5 வினாடி. அதை 2000 ஆக்கு, கூடவே 'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்' என்பதை 1 ஆக்கு என்று வீடியோக்களில் சொல்வார்கள். செய்தால் சீக்கிரம் அணையும், பொய் இல்லை. ஆனால் உங்கள் கணக்கு டேட்டாபேஸ் நினைவில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறீர்கள். இது மெயினை அமத்துவதற்குத் தம்பி. விளையாட மட்டும் வைத்திருக்கும் மெஷினில் யாராவது செய்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வியாபாரக் கணக்கு உள்ள மெஷினில் தொடக்கூடாது. ஏற்கெனவே யாரோ தொட்டிருந்தால் பழையபடி 5000 வைத்துவிடுங்கள்.

ஆபீஸ் மெஷினாக இருந்து, பாதுகாப்புக்காக என்று யாரோ செட்டிங்குகளை இறுக்கியிருந்தால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'கிளியர் வெர்ச்சுவல் மெமரி பேஜ்ஃபைல்' என்பது எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைல்தான் பேஜ் ஃபைல். ஒவ்வொரு முறை அணையும்போதும் அது முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பும் வேலை இது. பல ஜிபி ஃபைல், ஹார்ட் டிஸ்க் மெஷின் என்றால் நிமிடக்கணக்கில் போகும். அவசியம் இல்லாத இடத்தில் டிசேபிள் செய்யலாம்.

திரை இருண்டுவிட்டது, ஃபேன் மட்டும் ஓடுகிறது

விண்டோஸ் தன் பங்கை முடித்துக்கொண்டது, அல்லது ஹைபர்நேஷன் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கிறது. கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் லைட் மினுக்கினால் எழுதுகிறது என்று பொருள், காத்திருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு மினுக்கல் கூட இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். யுபிஎஸ்ஸையோ மெயினையோ அதற்கு முன்பாக அணைக்காதீர்கள்.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துப் பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு, அதில் இப்போது மாற்ற முடியாத செட்டிங்குகளை மாற்றுவதற்கான வரியை அழுத்தினால்தான் கீழே உள்ள டிக் உயிர் பெறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்து சேவ் கொடுங்கள். காலையில் ஆன் ஆக முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். எஸ்எஸ்டி இருந்தால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. விண்டோஸோடு லினக்ஸும் போட்டிருக்கும் மெஷினில் இதை எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பாதி மூடி வைத்த டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும்.

அதில் தீரவில்லை என்றால் கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள். தெர்மல் பிரிண்டர், டாங்கிள், கைரேகைக் கருவி, மறந்துபோன பென்டிரைவ் எல்லாமே. சரியானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகித் தேடுங்கள். அப்போதும் ஃபேன் ஓடினால் மதர்போர்டு அல்லது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான சிப்செட் டிரைவரையும், இன்டெல் மெஷின் என்றால் மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவரையும் எடுத்துப் போடுங்கள். விண்டோஸ் 7 காலத்து மெஷினில் 10 ஏற்றியவர்களுக்கு இந்தக் கோளாறு நன்றாகவே பழக்கம். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம்கள் பக்கம் போகாதீர்கள்.

அணைவது மட்டுமல்ல, எல்லாமே மெதுவாகத்தான் நடக்கிறது

அப்படியென்றால் ஷட் டவுனைத் தேடுவது வீண், டிஸ்க்கைப் பாருங்கள். கோடை மழையில் இடியும் கரண்ட் கட்டும் சேர்ந்து வரும் நாட்களுக்குப் பிறகு இந்த வகை மெஷின்கள் வரிசையாக வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்தபோது நனைந்து, காயவைத்து ஓட்டப்படும் மெஷின்களில் கேபிள் முனைகளே துருப்பிடித்திருக்கும்.

ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரோடு எண் 7 வந்தால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. 153 வந்தால் ஒரே வேலையைத் திரும்ப முயன்றிருக்கிறது, அங்கே கேபிளும் காரணமாக இருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி டிஸ்க்கின் உடல்நிலையை நிறம் போட்டுக் காட்டும். மஞ்சளோ சிவப்போ வந்தால் வேறெதையும் செய்வதற்கு முன் டேட்டாவை வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் உடனே செக் டிஸ்க் ஓட்டுவது பலர் செய்யும் வேலை. அந்த உழைப்பையே தாங்காமல் அது போய்விடலாம். டேட்டா பத்திரமான பிறகு எஸ்எஸ்டி மாற்றிவிடுங்கள். நல்ல டிஸ்க்காகவே இருந்தாலும் பழைய மெஷினுக்குக் காசு செலவழிப்பதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

அணைந்த மாதிரி போய்த் திரும்ப வந்துவிடுகிறது

அணையும் கடைசி நேரத்தில் விண்டோஸ் இடறி விழுந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை பிழைத்திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள எழுத்தைப் படம் பிடியுங்கள், பெரும்பாலும் ஒரு டிரைவரின் பெயர் இருக்கும். பிழைத்திரை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஆன் ஆனால், நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் 'வேக் ஆன் லேன்' வசதியை பயாஸிலும் டிவைஸ் மேனேஜரிலும் அணையுங்கள்.

உபுண்டு போன்ற லினக்ஸில்

'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒரு வரி வந்து வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். லினக்ஸ் நல்லவன், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று அந்த வரியிலேயே பெயரைச் சொல்லிவிடுவான். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாகக் கொடுக்கும் பொறுமை 90 வினாடி. இதையும் குறைக்கலாம், ஆனால் மேலே சொன்ன அதே காரணத்துக்காகக் குறைப்பதைவிடப் பெயரைப் பிடித்துச் சரிசெய்வது நல்லது. அடிக்கடி வருவது, இன்னொரு மெஷினில் உள்ள ஷேர் ஃபோல்டரை மவுண்ட் செய்து, அதாவது நம் மெஷினோடு இணைத்து வைத்திருப்பது. அணையும்போது வைஃபை முதலில் போய்விடும், ஃபோல்டர் பதில் சொல்லாது, 90 வினாடியும் கழியும். அணைப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை அன்மவுண்ட் செய்துவிட்டால் அந்த வரி அடுத்த முறை வராது.